வீட்டில் பைபேப்: இன்சூரன்ஸ் எதைத் தரும், எதைத் தராது, பில்லில் எதைப் பார்க்க வேண்டும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு 67 வயது, ஏற்காட்டுக்கு மேலே நாகலூரில் வீடு, பல வருடம் விறகடுப்புப் புகையில் நின்று சமைத்தவர், இப்போது சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). மூச்சுத் திணறலோடு சேலத்துக்கு இறக்கி ஒரு தனியார் மருத்துவமனையில் 9 நாள் வைத்திருந்தீர்கள், அதில் 5 நாள் ஐசியூவில் பைபேப், அதாவது மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று தந்து மூச்சுக்கு உதவும் மெஷின். டிஸ்சார்ஜ் நேரத்தில் ‘வீட்டுக்கும் ஒரு மெஷின் வேண்டும், 90 ஆயிரம் ஆகும்’ என்றார்கள். இன்சூரன்ஸில் வராது என்று டிபிஏ (இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக க்ளெய்ம் பார்க்கும் ஏஜென்சி) சொல்லிவிட்டது. நியூஜெர்சியில் இருக்கும் அக்கா, ‘இங்கே மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) மாதாமாதம் கட்டுகிறதே, அங்கே எப்படி மறுக்கலாம், கேஸ் போடு’ என்கிறார்.

நான் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் 11 வருடம் இருந்தவள். எங்கள் வீட்டிலும் மாமனார் மூன்று வருடமாக இரவில் பைபேப் போட்டுத்தான் தூங்குகிறார். அதனால் கவுன்ட்டருக்கு உள்ளே இருந்தும் வெளியே நின்றும் இதைப் பார்த்திருக்கிறேன்.

நேராகச் சொல்கிறேன். மெஷினுக்கான பணம் சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசியில் வராது, அதற்காகச் சண்டை போட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். ஆனால் உங்களுக்கு வர வேண்டிய வேறு பணம் அந்தப் பில்லுக்குள்ளேயே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம், அந்த 90 ஆயிரத்தை இந்த வாரமே கட்டவும் வேண்டாம்.

ஏன் வராது என்றால், பாலிசி என்பது மருத்துவமனையில் படுத்திருக்கும்போது ஆகும் செலவுக்கு எழுதப்பட்டது. பாலிசிப் புத்தகத்தின் விலக்குகள் பகுதியைப் புரட்டினால், வீட்டில் பயன்படுத்தும் நீடித்த மருத்துவச் சாதனங்கள் என்ற வகையில் சிபேப் (ஒரே அழுத்தத்தில் காற்று தரும் மெஷின்), பைபேப், ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசிப் பக்கங்களில் ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) வகுத்த நான்கு பட்டியல்களும் இருக்கும், நிறையப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. முதல் பட்டியலில் 68 பொருட்கள். மருத்துவமனைக்கு வெளியே பயன்படுத்தும் ஆக்ஸிஜன் சிலிண்டர், ஸ்பேசர், நெபுலைசர் கிட், மாஸ்க், ஆக்ஸிஜன் மாஸ்க், கையுறை எல்லாம் அதில்தான். இவை பாலிசியில் வராது. கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர் (பயன்படுத்தித் தூக்கிப் போடும் பொருட்களுக்கான கூடுதல் கவர்) எடுத்திருந்தால் இவற்றில் பலது வரும், ஆனால் அதுவும் உள்நோயாளியாக இருந்த நாட்களில் பயன்படுத்தியதற்கு மட்டும்தான்.

இப்போது நான்காவது பட்டியலைப் பாருங்கள். ‘சிகிச்சைச் செலவுக்குள் அடங்கியவை’ என்ற தலைப்பில் 18 பொருட்கள் இருக்கும், அதில் ‘பைபேப் மெஷின்’ என்று பெயர் சொல்லியே இருக்கிறது. இதன் பொருள், ஐசியூவில் அம்மாவுக்கு மெஷின் வைத்ததற்கு மருத்துவமனை தனியாக ஒரு வரி போட்டு வாங்கக் கூடாது, அது சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும் என்பதுதான். நடப்பது என்னவென்றால், பில்லில் ‘பைபேப் சார்ஜஸ், 5 நாள்’ என்று ஒரு வரி வரும், இன்சூரன்ஸ்காரர் அந்தப் பட்டியலைக் காட்டி அதை வெட்டுவார், வெட்டிய தொகையை டிஸ்சார்ஜ் கவுன்ட்டரில் உங்களிடம் கேட்பார்கள். அம்மாவை வண்டியில் ஏற்றும் அவசரத்தில் நீங்களும் கட்டிவிடுவீர்கள். எனவே ஃபைனல் பில்லையும், டிபிஏ அனுப்பிய செட்டில்மென்ட் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெட்டிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் என்ன என்று பாருங்கள். பைபேப் வரி வெட்டப்பட்டிருந்தால் மருத்துவமனையின் பில்லிங் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள்: நான்காவது பட்டியலில் உள்ளதை என்னிடம் ஏன் வாங்கினீர்கள் என்று. வாயால் கேட்டால் ‘சிஸ்டமில் அப்படித்தான் வருகிறது’ என்பார்கள். கடிதமோ மெயிலோ கொடுத்தால் மேலே போகும். நான் டெஸ்க்கில் இருந்த காலத்தில் இப்படி எழுதிக் கேட்டவர்களுக்குப் பணம் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். கேட்காதவர்களுக்கு ஒருநாளும் திரும்பியதில்லை.

அதே மாதிரி டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு. பெரும்பாலான பாலிசிகளில் 60 நாளோ 90 நாளோ இருக்கும். மறு ஆலோசனை, மறுபடி எடுக்கும் ஏபிஜி (ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கும் பரிசோதனை), இன்ஹேலர், மாத்திரை, எக்ஸ்ரே இவையெல்லாம் அதில் வரும். மெஷின் கிடைக்காத கோபத்தில் இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. ஒவ்வொரு பில்லுக்கும் அதே தேதியிட்ட மருந்துச் சீட்டு இருக்கட்டும்.

இதில் எதையாவது காரணமில்லாமல் மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்), நமக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், 50 லட்சம் வரை உள்ள தகராறுகளை எடுத்துக்கொள்வார்கள். ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். ஆனால் மறுபடியும் சொல்கிறேன், விலக்குப் பட்டியலில் தெளிவாக எழுதியிருக்கும் மெஷினுக்காக அங்கே போனால் பாலிசி வாசகத்தைப் படித்துக் காட்டி அனுப்பிவிடுவார்கள். சில பாலிசிகளில் இப்போது வீட்டுச் சாதனங்களுக்கென்றே தனி கவர் வருகிறது, உங்கள் ஷெட்யூலில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அக்கா சொல்வதும் பொய்யில்லை, ஆனால் அது வேறு ஊர்க் கணக்கு. அமெரிக்க மெடிகேரின் பார்ட் பி என்ற பகுதி வீட்டு மருத்துவச் சாதனங்களையே ஒரு தனி இனமாக வைத்துப் பணம் தருகிறது. நம் பாலிசியில் இல்லாத இனம் அது. அங்கேயும் சும்மா தருவதில்லை, வருடாந்திரக் கழிவுத் தொகை போக 80 சதவீதம் மெடிகேர், மீதி 20 நோயாளி. பேக்கப் ரேட் (நோயாளி தானாக இழுக்காவிட்டால் மெஷினே தரும் மூச்சு எண்ணிக்கை) இல்லாத பைலெவல், அதாவது பைபேப் வகை மெஷினுக்கு ஈ0470, பேக்கப் உள்ளதற்கு ஈ0471 என்று பில்லிங் கோடு. இவை 13 மாத வாடகைக்குப் பிறகு நோயாளிக்கே சொந்தமாகிவிடும். மாஸ்க் வழியாகக் கொடுக்கும் வீட்டு வென்டிலேட்டருக்கு ஈ0466. அது எப்போதும் வாடகைதான், தேவைப்படும் வரை மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும், ஏனென்றால் அடிக்கடி சர்வீஸ் வேண்டிய சாதனம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். இந்த வித்தியாசமே அங்கே பெரிய பிரச்சினையானது. சாதாரண பைலெவல் போதுமானவர்களுக்கும் வென்டிலேட்டர் கோடில் பில் போனது, 2009-இல் சுமார் 38 லட்சம் டாலராக இருந்த அந்தச் செலவு 2015-இல் 34 கோடி டாலரானதாக அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் தணிக்கைப் பிரிவே 2016-இல் எழுதியது. அதன் பிறகு கிடுக்கிப்பிடி. சிஓபிடிக்கு 2025 ஜூனில் நாடு முழுவதற்கும் ஒரே விதி கொண்டுவந்தார்கள், ரத்தத்தில் கார்பன்டைஆக்ஸைடு 52-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதிலிருந்து அது தொடங்குகிறது. இங்கே உள்ள அம்மாவுக்கு அந்த மெடிகேர் எதுவும் செய்யாது, அமெரிக்காவுக்கு வெளியே அது பொதுவாகச் செல்லாது.

ஆனால் அங்கிருந்து நாம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அந்த எண்தான். அம்மாவுக்கு வீட்டு மெஷின் உண்மையிலேயே வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது ஏபிஜி. கார்பன்டைஆக்ஸைடு சாதாரணமாக 35-லிருந்து 45. அட்மிஷன் அன்று எடுத்த ஏபிஜியில் பிஹெச் 7.26, கார்பன்டைஆக்ஸைடு 71 என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த நிலையில் பைபேப் உயிர் காப்பது, அதில் சந்தேகமே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று 54 என்கிறீர்கள். இது இன்னும் இறங்கலாம். நெஞ்சுச் சளி அடங்கி, இன்ஹேலர் ஒழுங்காக எடுத்து, இரண்டு நான்கு வாரம் கழித்து எடுத்தால் சிலருக்கு 45-க்குப் பக்கத்தில் வந்துவிடும், அவர்களுக்கு மெஷினே தேவைப்படாமல் போகலாம். சிலருக்கு இறங்காமல் 50-க்கு மேலேயே நிற்கும், அவர்களுக்கு நீண்ட காலம் வேண்டும். சர்வதேச வழிகாட்டுதல்களும் இந்த 2 முதல் 4 வார மறு பரிசோதனையைத்தான் சொல்கின்றன. நம் ஊரில் டிஸ்சார்ஜ் அன்றே விற்றுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அந்த இடைவெளிக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். நான் பார்த்த வரையில் சேலத்தில் மாதம் 4,000-லிருந்து 7,000 வரை, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் தனி. மாஸ்க் மட்டும் புதிதாக வாங்க வேண்டும், அடுத்தவர் மாஸ்க் வேண்டாம். மறு ஏபிஜி வந்த பிறகு நுரையீரல் மருத்துவர் தேவை என்று எழுதினால் அப்போது வாங்குங்கள், வாடகையில் கொஞ்சம் கழித்துத் தருவார்களா என்று எடுக்கும்போதே கேட்டு ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இந்த இடைவெளியில் மெஷினே இல்லாமல் இருக்கலாமா என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள், அது மருத்துவர் சொல்ல வேண்டியது.

வாங்குவதோ வாடகையோ, கையில் ஒரு சரியான கடிதம் வேண்டும். ‘பைபேப் அட்வைஸ்டு’ என்று இரண்டு சொல்லில் எழுதித் தருவது கடிதமில்லை. நோயின் பெயர், ஏபிஜி தேதியோடு எண்கள், எந்த மோடு, உள்மூச்சு அழுத்தம் எவ்வளவு, வெளிமூச்சு அழுத்தம் எவ்வளவு, பேக்கப் ரேட் எத்தனை, இரவில் எத்தனை மணி நேரம், ஆக்ஸிஜன் சேர்க்க வேண்டுமென்றால் எத்தனை லிட்டர், எந்த வகை மாஸ்க், எல்லாம் இருக்க வேண்டும். கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத் தள்ளிவிடாமல் இருக்கவும் அதுதான் காவல். எஸ்டி மோடு (பேக்கப் ரேட் உள்ளது) எழுதியிருந்தால் எஸ் மோடு (பேக்கப் இல்லாதது) மட்டும் உள்ள மலிவு மெஷின் ஆகாது, சிபேப் நிச்சயமாக ஆகாது.

எங்கள் தவறைச் சொல்கிறேன். மாமனார் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர், அவருடைய ஓய்வூதியர் மருத்துவத் திட்டத்தில் இந்த மெஷினுக்குப் பணம் உண்டு, முன் அனுமதி வாங்கினால். இது தெரியாமல் டிஸ்சார்ஜ் அன்றே அவசரத்தில் வாங்கிவிட்டோம். கடைக்காரர் கொடுத்த பில்லில் ‘மெடிக்கல் எக்விப்மென்ட், 1’ என்று மட்டும் இருந்தது, மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, நோயாளி பெயருக்குப் பதில் என் கணவர் பெயர். ஃபைல் இரண்டு முறை திரும்பி வந்தது. கடைக்குப் போய்ப் பில்லைத் திருத்தி வாங்கி, மருத்துவரிடம் பின்தேதி போடாமல் உண்மையான தேதியிலேயே விளக்கக் கடிதம் வாங்கி, ஏழு மாதம் அலைந்து பாதித் தொகை வந்தது. இத்தனைக்கும் நான் இதே வேலையில் இருந்தவள். வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் தவிக்கும்போது பில்லைப் படிக்கத் தோன்றாது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எனவே உங்கள் குடும்பத்தில் யார் பெயரிலாவது அரசு வழி உரிமை இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். அப்பா ராணுவத்தில் இருந்தவரா? இசிஹெச்எஸ் (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) கார்டு இருந்தால் பாலிகிளினிக் வழியாக அனுமதி வாங்கி மெஷின் பெறலாம். மத்திய அரசு ஊழியரோ ஓய்வூதியரோ என்றால் சிஜிஹெச்எஸ் என்ற மத்திய அரசு மருத்துவத் திட்டத்திலும் அனுமதியும் உச்சவரம்பும் வைத்துத் தருகிறார்கள். ரயில்வே குடும்பம் என்றால் ரயில்வே மருத்துவமனையில் கேளுங்கள். இதிலெல்லாம் ‘முன் அனுமதி’ என்ற சொல்தான் உயிர். தமிழக அரசு ஓய்வூதியர் காப்பீடு மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அப்படியே, வருட வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வீட்டுக்கு மெஷின் வராவிட்டாலும், அம்மாவுக்கு அந்தக் கார்டுக்குத் தகுதி இருந்தால் இப்போதே எடுத்து வையுங்கள். சிஓபிடி மறுபடி மறுபடி அட்மிட் ஆக வைக்கும் நோய், அடுத்த முறை கைக்காசு போகாமல் இருக்கும். 1800 425 3993 எண்ணில் கேட்கலாம்.

வருமான வரியில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்கள், 60 வயது தாண்டிய பெற்றோருக்கு மெடிக்ளெய்ம் எதுவும் இல்லாதபோது, அவர்களுடைய மருத்துவச் செலவில் 50,000 வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம், ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. உங்கள் அம்மாவுக்குப் பாலிசி இருப்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது, படிக்கும் மற்றவர்களுக்காகச் சொன்னேன். ஜிஎஸ்டி இந்த மெஷின்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, கொட்டேஷனில் பழைய 12 இருந்தால் கேளுங்கள்.

பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவருவார்கள். பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் 2021 ஜூனில் தன்னுடைய ட்ரீம்ஸ்டேஷன், ட்ரிலாஜி 100 போன்ற லட்சக்கணக்கான மெஷின்களை உள்ளே இருக்கும் சத்தம் அடக்கும் ஃபோம் சிதைகிறது என்று திரும்ப அழைத்தது. அந்தக் காலத்து மெஷின்கள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. சீரியல் நம்பரைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

இன்று இரவே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஐசியூவில் அம்மாவுக்குப் போட்ட மாஸ்க்கை, பில்லில் பணம் வாங்கியாகிவிட்டதால், கவரில் போட்டுக் கையில் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்து மூக்குக்கு முன்னால் டியூப் சேரும் முழங்கை வளைவைப் பாருங்கள். அது நீல நிறமாக, எங்கும் சின்னத் துளைகள் இல்லாமல் இருந்தால் அநேகமாக அது நான்வென்டட் மாஸ்க், இரட்டை டியூப் உள்ள ஐசியூ வென்டிலேட்டருக்கானது. வீட்டு பைபேப்பில் ஒரே டியூப்தான். விட்ட மூச்சு வெளியேற மாஸ்க்கிலோ டியூப் முனையிலோ துளை இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விட்ட கார்பன்டைஆக்ஸைடையே அம்மா திரும்ப இழுப்பார், எதைக் குறைக்க மெஷின் வாங்கினோமோ அதுவே ஏறும். வென்டட் என்று கேட்டு வாங்குங்கள், முகத்தை அளந்து, பல்செட் போடுபவர் என்றால் அதைக் கழற்றிய முகத்தோடு அளந்து. மூக்குத் தண்டில் சிவந்தால் பட்டையை இன்னும் இழுக்காதீர்கள், அளவு தவறு என்று அர்த்தம்.

அப்புறம் ஏற்காடு. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சேலத்தைவிடக் குறைவு, சேலத்தில் 91 காட்டிய ஆக்ஸிமீட்டர் மேலே போனதும் குறையத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து கான்சன்ட்ரேட்டரை 5 லிட்டருக்குத் திருகிவிடுவார்கள். கார்பன்டைஆக்ஸைடு தங்கும் நோயாளிக்கு அது ஆபத்து. குறி 88-லிருந்து 92, அதற்கு மேல் தேவையில்லை, அங்கே எத்தனை லிட்டர் என்பதை மருத்துவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லியே கேட்டு எழுதி வாங்குங்கள். மழைக் காலத்தில் மரம் விழுந்து மணிக்கணக்கில் கரண்ட் போகும், எனவே இன்வெர்ட்டர் கட்டாயம். பைபேப், காற்றை ஈரப்படுத்தும் ஹ்யூமிடிஃபையரோடு சேர்த்தாலும் ஓர் இரவுக்கு அரை யூனிட்டைச் சுற்றித்தான் இழுக்கும், கான்சன்ட்ரேட்டர்தான் தின்னும். 350 வாட் மெஷின் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 336 யூனிட். வீட்டுக் கணக்கு அதோடு சேர்ந்து 500-ஐத் தாண்டினால் ஸ்லாபே மாறி மொத்தப் பில்லும் எகிறும், மாதச் செலவைக் கணக்குப் போடும்போது இதையும் சேருங்கள். மார்கழி தை குளிரில் டியூபுக்குள் தண்ணீர் கோர்க்கும், மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்து, டியூபுக்குத் துணி உறை போட்டால் குறையும்.

அம்மா இன்னும் சேலம் அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில்தான் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மருத்துவர் மறுபடி ஏபிஜி எடுக்கும் வரை அங்கேயே இருக்கட்டும். வாடகை மெஷின் பழகவும், இரவில் மாஸ்க் நழுவினால் எழுந்து சரிசெய்யவும், திணறினால் கால் மணி நேரத்தில் மருத்துவமனை சேரவும் சேலம்தான் வசதி. அந்த எண் கையில் வந்த பிறகு நாகலூருக்குக் கூட்டிப் போங்கள்.